முழுதாகப் படித்துவிட்டுச் சண்டை போடுங்கள்



2015 பொங்கலுக்கு முந்தைய வாரம். பெரம்பலூர் பாலக்கரைப் பக்கம் ஓய்வூதியக்காரர்கள் நாலைந்து பேர் மாலையில் கூடும் டீக்கடையில் ஒரு நண்பர் நான்கு ஜெராக்ஸ் தாள்களை என்னிடம் நீட்டினார். "படிங்க சார். நம்ம வீட்டுப் பொம்பளைங்களை என்னமா எழுதி வச்சிருக்கான் பாருங்க" என்றார். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவலிலிருந்து எடுத்த பக்கங்கள். சில வரிகளுக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது.

"முழுப் புத்தகம் எங்கே?" என்று கேட்டேன்.

"அந்தக் கண்றாவியைக் காசு கொடுத்து வேற வாங்கணுமா?"

அதே பெஞ்சில் இருந்த இன்னொரு நண்பர் கொதித்து எழுந்தார். எழுத்தாளனுக்கு எதையும் எழுத உரிமை உண்டு என்று கால் மணி நேரம் பேசினார். "நீங்க படிச்சாச்சா?" என்றேன். "வாங்கணும் சார்" என்றார்.

இருவரும் என் நண்பர்கள்தான். ஆனாலும் இந்தக் கட்டுரை இருவருக்கும் எதிராகத்தான்.

நான் எழுத்தராக வேலை பார்த்தவன். 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தபோதும், 2001-ல் அரியலூர் தனியாகப் போனபோதும், 2002-ல் திரும்பி வந்தபோதும் கோப்புகளைக் கட்டி அனுப்பி, மறுபடி எண்ணி வாங்கியவர்களில் ஒருவன். 2007-ல் மறுபடியும் பிரிந்தார்கள். நல்லவேளையாக அந்த வருடம் நான் ஓய்வு பெற்றுவிட்டேன். இத்தனை வருடத்தில் கற்ற பாடம் ஒன்றுதான். கோப்பை முதல் தாளிலிருந்து படிக்காமல் குறிப்பு எழுதினால் மேலே இருந்து திரும்பி வரும். நடுவில் நாலு தாளைப் பார்த்துவிட்டு முடிவு எழுதுகிறவனை எந்தக் கண்காணிப்பாளரும் விடமாட்டார்.

எனவே புத்தகத்தை வரவழைத்துப் படித்தேன். திருச்செங்கோட்டுப் பக்கம், வெள்ளைக்காரன் காலம். காளி, பொன்னா என்று ஒரு விவசாயத் தம்பதி. கல்யாணமாகிப் பல வருடம் ஆகியும் குழந்தையில்லை. ஒருவர் மேல் ஒருவர் உயிராக இருக்கிறார்கள். ஆனால் ஊர் விடவில்லை. வேண்டுதல், பரிகாரம், ஜாடைப் பேச்சு, இரண்டாம் கல்யாண யோசனை என்று ஒவ்வொன்றாக வருகிறது. கடைசியில் தேர்த்திருவிழாவில் ஒரு நாள் இரவு, குழந்தையில்லாத பெண் வேற்று ஆணோடு சேர்ந்து பிள்ளை வரம் பெறலாம் என்று கதையில் வரும் வழக்கத்துக்கு, கணவன் சம்மதித்துவிட்டான் என்று பொய் சொல்லி, அவளை அனுப்பிவைக்கிறார்கள். ஜெராக்ஸ் எடுத்தவர்கள் எடுத்தது அந்த இரவைப் பற்றிய பக்கங்களைத்தான். அதற்கு முன்னால் இருக்கும் பக்கங்களை யாரும் எடுக்கவில்லை.

நடந்தது உங்களுக்குத் தெரியும். நாவல் வந்தது 2010-ல். நான்கு வருடம் யாருக்கும் தொந்தரவில்லை. 2014 டிசம்பரில் எரித்தார்கள்; ஜனவரியில் திருச்செங்கோட்டில் கடையடைப்பு. 12-ஆம் தேதி நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை. ஆசிரியர் நிபந்தனையற்ற வருத்தம் தெரிவித்து, விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறவும் ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டார். அதன்பின் எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று தானே அறிவித்தார். 2016 ஜூலை 5-ல் சென்னை உயர்நீதிமன்றம், அந்த உடன்பாடு ஆசிரியரைக் கட்டுப்படுத்தாது என்றது; பிடிக்காதவர்கள் படிக்காமல் இருக்கலாம், அவர் எழுதட்டும் என்றது.

அமைதிப் பேச்சுவார்த்தைக்கு நானும் நடவடிக்கைக் குறிப்பு எழுதியிருக்கிறேன். சாமி ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போவது, வாய்க்கால் கரை யாருடையது என்பதற்கெல்லாம் அது சரியான இடம். நாவலில் எந்தப் பக்கம் இருக்கலாம் என்று முடிவு செய்ய அது இடமில்லை. அந்த மேஜையில் ஒரு பக்கம் தனி மனிதன், மறுபக்கம் ஊர். "இரு தரப்பினரும் மனமுவந்து ஒப்புக்கொண்டனர்" என்று முடிகிற குறிப்புகளில் மனம் எவ்வளவு இருந்தது என்பது எழுதுகிற எங்களுக்குத் தெரியும்.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த நோய் இல்லை. நான் புதுச்சேரியில் அம்மா வழித் தாத்தா வீட்டில் தங்கி பிரெஞ்சு வழியில் படித்தவன். தமிழில் குறிப்பு எழுதவே வேலைக்கு வந்த பிறகுதான் கற்றேன். பள்ளியில் ஃப்ளோபேரின் 'மதாம் பொவாரி' பற்றிச் சொல்லிக்கொடுத்தார்கள். அதுவும் கசந்துபோன கல்யாணத்தின் கதைதான். ஒழுக்கத்தைக் கெடுக்கிறது என்று 1857 ஜனவரியில் பாரிஸில் வழக்கு நடந்தது. அரசு வக்கீல் பினார் அங்கங்கே சில பகுதிகளைப் பொறுக்கிப் படித்துக் காட்டினார். எதிர் வக்கீல் செனார், முன்னும் பின்னும் இருப்பதையும் சேர்த்துப் படித்தார். பிப்ரவரி 7-ல் விடுதலை. அப்போது ஜெராக்ஸ் மெஷின் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

எதிர்த்தவர்களுக்கு வலி இல்லை என்று நான் சொல்லவில்லை. ஊர்ப் பெயரும் கோயிலும் தெரியும்படி எழுதினால், எங்கள் பாட்டிகளைச் சொல்கிறானோ என்று ஒருவருக்கு மனம் பதறலாம். அப்படிப் பதறியவர் பதில் எழுதியிருக்கலாம், ஆதாரம் கேட்டிருக்கலாம். கடையை அடைத்தது பதில் ஆகாது.

ஆதரித்தவர்களிடம் என் குறை வேறு. அவர்களும் சுதந்திரம் சுதந்திரம் என்று அந்த ஒரு இரவைப் பற்றியே பேசினார்கள். இரண்டு கட்சிக்கும் வசதியாக ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. அந்தக் கல்யாணத்தைக் கெடுத்தது யார்? காளியும் இல்லை, பொன்னாவும் இல்லை. "இன்னும் ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டவர்கள். அதாவது நாம்.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. என் மனைவி சொன்னது.

எங்களுக்கும் குழந்தையில்லை. 1977-ல் கல்யாணம். 1985-ல் அரியலூரில் நெருங்கிய சொந்தத்தில் ஒரு வளைகாப்பு. வளையல், சந்தனம், குங்குமம் வைத்த தட்டை எடுத்துக்கொண்டு இவள் உள்ளேயிருந்து வந்தாள். ஒரு பெரியம்மா எழுந்து வந்து, "நீ உக்காரும்மா, நான் பாத்துக்கறேன்" என்று தட்டை வாங்கிக்கொண்டார். குரலில் கோபம் இல்லை, அன்பாகத்தான் சொன்னார். நான் பந்தலில் ஆண்களோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டாக்டரிடம் அனுப்பியதும் அவளைத்தான். நீயும் பரிசோதித்துக்கொள் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை, நானாகவும் போகவில்லை. இரண்டாம் கல்யாணப் பேச்சு வந்தபோது முடியாது என்றேன். அதையே பெரிய தியாகமாகப் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் படித்து முடித்த புத்தகத்தை அவள் மூன்று மத்தியானங்களில் படித்தாள். மூடி வைத்துவிட்டு, "அரியலூர்ல அந்தத் தட்டு ஞாபகம் இருக்காங்க?" என்று கேட்டாள். முப்பது வருடத்தில் நாங்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. ஞாபகம் இருக்கிறது என்றேன். "அந்தப் பொண்ணைத் திருவிழாவுக்கு அனுப்பினது ஒரு ராத்திரி இல்லைங்க. பத்துப் பன்னிரண்டு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா அனுப்பினாங்க" என்றாள். அந்த நாவலைப் பற்றி நான் படித்த எந்த விமர்சனத்திலும் இந்த வரி இல்லை.

இன்று ஊருக்கு ஊர் கருத்தரிப்பு மையத்தின் விளம்பரப் பலகை இருக்கிறது. கேள்வி மட்டும் மாறவில்லை. கல்யாணமாகி ஆறு மாதத்தில் "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் நம் வயதுக்காரர்கள்தான்.

டீக்கடை நண்பர்கள் இருவருக்கும் அந்தப் புத்தகத்தைக் கொடுத்துப் பார்த்தேன். சுதந்திரம் பேசியவர் பாதியில் நிறுத்திவிட்டார்; மெதுவாகப் போகிறதாம். ஜெராக்ஸ் கொண்டு வந்தவர் முழுதும் படித்தார். அந்த இரவு இன்னமும் அவருக்குப் பிடிக்கவில்லை. அது அவர் உரிமை. ஆனால் புத்தகத்தைத் திருப்பித் தரும்போது, "எங்க சின்ன மருமகளை என் சம்சாரம் ஒரு மாதிரி பேசுறா சார், நிறுத்தச் சொல்லணும்" என்றார்.

நாவலைப் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், திட்டிக்கூட எழுதுங்கள். ஆனால் முதல் பக்கத்திலிருந்து படித்துவிட்டுச் செய்யுங்கள். அடுத்த வளைகாப்பில், தட்டு எடுத்து வரும் பெண் யாராக இருந்தாலும், அவள் கையிலிருந்து அதை வாங்காதீர்கள்.