எடுத்து முடி, அப்புறம் பார்க்கலாம்!

"முதலில் படத்தை எடுத்து முடியுங்கள், தம்பி, அப்புறம் பார்க்கலாம்."

பணமும் ரசனையும் ஒருங்கே படைத்த சேலத்துப் பெரிய மனிதர்கள், படம் எடுக்கப் புறப்பட்ட இளைஞர்களுக்கு வழங்கும் ஆசீர்வாதம் இது. வெறுமனே வழங்குவதில்லை, நல்ல காபியும் கொடுத்துத்தான் வழங்குகிறார்கள். "நான் என்ன, கலைக்கு விரோதியா? நல்ல படம் வரட்டும், முதல் டிக்கெட் என்னுடையது" என்று வாசல் வரை வந்து வழியனுப்புவார்கள். நல்ல மனிதர்கள்தாம். ஆனால், கருவிலேயே இத்தனை நல்ல படங்களைக் கொன்ற வாக்கியம் தமிழில் வேறொன்று இல்லை என்று சொல்கிறேன். வாசகர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. இதே வாக்கியத்தை அவர்களும் யாரிடமாவது சொல்லியிருப்பார்கள்.

பெரிய கம்பெனியும் பெரிய நட்சத்திரமும் பின்னால் இல்லாமல், நாலு பேர் தங்கள் சொந்தப் பிடிவாதத்தில் எடுப்பது சுயேச்சைப் படம். அது கதையாகவும் இருக்கலாம். உள்ளதை உள்ளபடி காட்டும் டாக்குமெண்டரியாகவும் இருக்கலாம். இப்படிப்பட்டவர் ஒவ்வொருவரிடமும், எடுக்கப்போகும் படங்களின் ஜாபிதா ஒன்று இருக்கும். அதைப் பார்த்தால் நமக்குச் சிரிப்பு. "இத்தனை படமா? ஒன்றையாவது முடித்தாயா?" என்று கேட்கிறோம். ஒரு படம் தன் ஆயுளில் பாதியை அந்த ஜாபிதாவில்தான் கழிக்கிறது. அங்கே கிடக்கும்போதுதான் அதற்குக் கஞ்சி ஊற்ற ஆள் வேண்டும். இது நமக்குத் தோன்றுவதில்லை.

"சினிமாவெல்லாம் சென்னைக்காரர் சமாசாரம்" என்று ஒரு சாக்கு உண்டு. மற்ற ஊர்க்காரர்கள் சொல்லட்டும், சேலத்துக்காரர் சொல்லலாமா? ஏற்காடு சாலையில் 1935-ல் டி. ஆர். சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸை ஆரம்பித்தபோது அவர் சென்னையைக் கேட்டுக்கொண்டா ஆரம்பித்தார்? மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' 1938-ல் அங்கிருந்துதான் வந்தது. 1956-ல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' வர்ணத்தில் வந்ததும் அங்கிருந்துதான். இன்று அங்கே மிஞ்சியிருப்பது நுழைவாயில் வளைவு. அதன் அடியில் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டு பெருமூச்சு விடுகிறோம். பெருமூச்சுக்குச் செலவில்லை அல்லவா? சுந்தரம் காலத்தில் படம் எடுக்க ஸ்டூடியோ வேண்டியிருந்தது. இப்போது காமிரா ஒரு தோள்பைக்குள் அடங்கிவிடுகிறது. வேண்டியது காலம், அந்தக் காலத்தில் சாப்பிடச் சோறு.

காலம் என்றதும் அயோத்தியாப்பட்டணம் ஞாபகம் வருகிறது. சேலத்துக்குக் கிழக்கே, கோதண்டராமர் கோயில் உள்ள ஊர். இலங்கையிலிருந்து திரும்பும் வழியில், பட்டாபிஷேகத்துக்குக் குறித்த முகூர்த்தம் நெருங்கிவிடவே, ராமன் அங்கேயே முடி சூட்டிக்கொண்டான் என்று ஊரார் சொல்வார்கள். ஊருக்குப் பெயர் வந்த கதை அது. சரித்திர ஆசிரியர்கள் சண்டைக்கு வரட்டும். எனக்கு அந்தக் கதையின் புத்திசாலித்தனம் பிடித்திருக்கிறது. "சரயு நதிக்கரை போய்ச் சேருங்கள், அப்புறம் பார்க்கலாம்" என்று ராமனிடம் யாரும் சொல்லவில்லை, பாருங்கள்!

அந்த ஊரைத் தாண்டி மஞ்சவாடிக் கணவாய்க்குப் போகும் வழியில், குப்பனூர், ஆச்சாங்குட்டப்பட்டிப் பக்கமாக 2018-ல் அளவைக் கல் நட்டார்கள். சேலத்திலிருந்து சென்னைக்கு எட்டுவழிச் சாலை, 277 கிலோமீட்டர், சுமார் 10,000 கோடி ரூபாய்த் திட்டம். 2019 ஏப்ரல் 8-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் நிலமெடுப்பை ரத்துச் செய்தது. 2020 டிசம்பர் 8-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், நிலமெடுப்பு அறிவிப்புகள் செல்லும் என்றது. சாலை வேண்டுமா, வேண்டாமா என்பது இங்கே என் வழக்கல்ல. கல் விழுந்த நாளுக்கும் இரண்டாவது தீர்ப்புக்கும் நடுவே இரண்டரை வருஷம். அந்த இரண்டரை வருஷமும் ஒரு தென்னந்தோப்புக்காரர் வீட்டில் எப்படிக் கழிந்தது? கன்று நட்டார்களா, நடவில்லையா? பெண் கேட்டு வந்தவர்கள் நிலத்தைப் பற்றி என்ன விசாரித்தார்கள்? தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் அழுத முகங்களை ஏராளமாகப் பார்த்தோம். இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம். அழுகை நின்ற பிறகு மறுநாள் காலையில் அதே அம்மாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதை எடுக்க, அந்தத் திண்ணையில் படுத்து எழுந்தவனால்தான் முடியும். அவனை இரண்டரை வருஷம் அங்கே இருக்கவைக்க யார் பணம் கொடுத்தோம்? போன நாளைத் திரும்ப நடிக்கவைத்து எடுத்தால் அதற்குப் பெயர் டாக்குமெண்டரி அல்ல.

கதைப் படம் மட்டும் காத்திருக்குமா? சத்யஜித் ராய் 'பதேர் பாஞ்சாலி'யை 1952 அக்டோபரில் நாணல் பூத்த வெளியில் ஆரம்பித்தார். பாதிக் காட்சியை எடுத்துவிட்டு, மறு ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போனால், பூக்களை மாடுகள் மேய்ந்து தீர்த்திருந்தன. மிச்சத்தை எடுக்க அடுத்த பருவம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இன்ஷ்யூரன்ஸ் பாலிசியும் மனைவியின் நகையும் அடகுக்குப் போயின. கடைசியில் வங்காள அரசாங்கம்தான் கைகொடுத்தது. படத்தின் பெயரில் பாதை வருகிறதல்லவா, அந்தப் பணத்தைச் சாலை அபிவிருத்திக் கணக்கில் எழுதினார்களாம்! 1955-ல் படம் வந்ததும் உலகமே கொண்டாடியது. முடித்துக்கொண்டு வா என்று விதான் சந்திர ராயும் சொல்லியிருந்தால் மாடு மேய்ந்த மைதானந்தான் மிஞ்சியிருக்கும்.

அயோத்தியாப்பட்டணத்துக்காரப் பையன் ஒருவர் சென்ற வருஷம் தம் ஜாபிதாவை என்னிடம் காட்டினார். நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு. இரண்டு டாக்குமெண்டரி, மூன்று கதை. செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறை ஒன்றில் ஒரு வருஷம்; கல் நட்ட தோட்டங்களின் வழியே ஒரு நடை; ஜவ்வரிசி ஆலை மூடிய இரவில் நடக்கும் ஒரு கதை; இன்னும் இரண்டு. அந்த இரண்டும் சுமார்தான், அவரிடமே சொன்னேன். ஐந்தில் மூன்று ஜாபிதாவிலேயே சாகத்தான் சாகும். சாகட்டும், எந்த நாவலாசிரியன் பெட்டியில் பாதி எழுதிய கட்டு இல்லை? ஆனால் கொலுசுப் பட்டறைப் பக்கத்தில், பொடி வைத்துப் பற்றவைப்பதில் கைதேர்ந்த ஒரு கிழவரைப் பற்றி எட்டு வரி எழுதி, மேலே குறுக்கே ஒரு கோடு போட்டு, "மாசி மாதம் தவறிவிட்டார்" என்று குறித்திருந்தார். அவரை எடுக்க ஒரு மாச அறை வாடகையும் வாடகைக் காமிராவும் வேண்டியிருந்தன. கேட்டுப்போன இடங்களில் காபி கிடைத்தது.

"எடுக்காத படத்துக்கு எவன் ஐயா பணம் கொடுப்பான்?" என்று கேட்கிறீர்களா? நீங்கள்தான் கொடுக்கிறீர்கள்! பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் முதல் காரியமாக வீடியோக்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்கிறோம். பெண்ணும் மாப்பிள்ளையும் ஏற்காட்டு ஏரிக்கரையில் ஓடுவதற்குத் தனித் தொகை. ஆகாயத்திலிருந்து படம் பிடிக்கும் பொறிக்குத் தனித் தொகை. எடுக்காத படம், கதை தெரிந்த படம், இரண்டாம் முறை யாரும் பார்க்காத படம்.

அது போகட்டும். தொடர்கதை படித்த பரம்பரை நாம். 'பொன்னியின் செல்வன்' 1950-லிருந்து 1954 வரை 'கல்கி'யில் வந்தபோது, முழுக் கதையையும் காட்டு, பிறகு சந்தா கட்டுகிறேன் என்றா நம் தாத்தாக்கள் சொன்னார்கள்? அடுத்த வாரம் என்ன எழுதப்போகிறார் என்று தெரியாமல் வாராவாரம் காசு கொடுத்தார்கள். முடியாத நாவலை நம்பத் தெரிந்த வாசகனுக்கு, முடியாத படத்தை நம்ப மட்டும் ஏன் கை நடுங்குகிறது?

நம்பியவர்கள் இருந்தார்கள். கோட்டையூர் ஏ. கே. செட்டியார் 1937-ல் கப்பலில் போகும்போது காந்திஜியைப் பற்றி டாக்குமெண்டரி எடுக்க நினைத்தார். நினைப்புத்தான் கையில் இருந்தது. பணம் திரட்டி, சுமார் ஒரு லட்சம் மைல் சுற்றி, உலகெங்கும் சிதறிக் கிடந்த 50,000 அடிப் படச்சுருளைச் சேர்த்து, 1940-ல் தமிழில் வெளியிட்டார். கேரளத்தில் ஜான் ஆபிரகாமும் ஒடேஸா நண்பர்களும் ஊர் ஊராகப் படம் காட்டி, ஜனங்களிடம் கைநீட்டி வாங்கிய காசில் 1986-ல் 'அம்மா அறியான்' எடுத்தார்கள். அந்த மாநில அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகம் 2019-லிருந்து, பெண் டைரக்டர்களின் கதைகளைத் தேர்ந்தெடுத்து, எடுப்பதற்கு முன்பே படத்துக்கு 1.5 கோடி ரூபாய் வரை ஒதுக்குகிறது.

நம் பிள்ளைகள் எங்கே போகிறார்கள்? கோவாவுக்குப் போகிறார்கள். 2007-லிருந்து அங்கே வருஷந்தோறும் படச்சந்தை கூடுகிறது. கொலுசுப் பட்டறையின் வெக்கையை இங்கிலீஷில் ஏழெட்டு நிமிஷத்துக்குள் விளக்க வேண்டும். விளக்குகிறவனுக்கு நாக்கு நன்றாக இருந்தால் படத்துக்கு யோகம். அதைத் தாண்டினால் ஐரோப்பா. பி. எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' மதுரைப் பக்கத்து வறண்ட பூமியில் எடுத்தது. 2021-ல் ராட்டர்டாமில் புலி விருது வாங்கியது. ராட்டர்டாம்காரர்கள் பார்த்தாயிற்று, மேலூர்க்காரர்கள் வீட்டில் உட்கார்ந்து பார்க்க 2023 அக்டோபர் ஆயிற்று, அதுவும் இணையச் சந்தா கட்டினால்தான். அந்நியர் பணம் பாவமென்று நான் சொல்லவில்லை. ஆனால் யார் பணமோ அவர் கேள்விதான் படத்துக்குள் வந்து உட்காரும். ஜவ்வரிசி என்றால் என்ன என்று முதல் காட்சியிலேயே விளக்கு என்பார்கள். நமக்கு எதற்கு ஐயா அந்த விளக்கம்?

"பணத்தை வாங்கிக்கொண்டு ஓடிவிட்டால்?" ஏலச்சீட்டுக்காரன் ஓடியும் சீட்டுக் கட்டுவதை நிறுத்தாத ஜில்லாவில் இந்தக் கேள்வி வேடிக்கையாக இருக்கிறது. ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் 1981-ல் ஒன்றுசேர்ந்து தங்களுக்கென்று சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வைத்துக்கொள்ளவில்லையா? தறிக்காரர்களுக்குச் சங்கம் இல்லையா? நாவல் படிக்கிற இருநூறு குடும்பங்கள், மாசம் இருநூறு ரூபாய் வீதம் போட்டால் வருஷத்துக்கு 4,80,000 ரூபாய். அதில் முழுப் படம் எடுக்க முடியாது. ஒரு ஜாபிதா சாகாமல் இருக்கும். அறை வாடகை, பஸ் சார்ஜ், காமிரா வாடகை, ஒருவருஷச் சாப்பாடு. மூன்று மாசத்துக்கு ஒருமுறை, எடுத்தவரைக்கும் கொண்டுவந்து நமக்குப் போட்டுக் காட்டட்டும். தொடர்கதை மாதிரி. நடுவில் கணக்குப் புத்தகம் யாரிடம் இருப்பது என்று சண்டை வரும். வராத சங்கம் உண்டா? கூட்டம் கூட இடமில்லையென்று மட்டும் சொல்ல வேண்டாம். அயோத்தியாப்பட்டணத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறது. ஆடி மாசத்தில் அது சும்மாதான் கிடக்கும்.