கட்டுறதுக்கு முன்னாடி கண்ணுல காட்டுங்க!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மக்களே!

உங்க தெருவும் ஏரிக்கரையும் எப்படி இருக்கணும்னு இதுவரைக்கும் யாராவது உங்களைக் கேட்டாங்களா?

சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் இரண்டாவது முழுமைத் திட்டம் 2026 வரைக்கும்தான். மூன்றாவது திட்டம் 2046 வரைக்குமானது. நம்ம பிள்ளைகள் எங்கே மூச்சு விடணும் என்பதைத் தீர்மானிக்கும் காகிதம் அது. அந்த வரைபடத்தில் நிறத்தையும் சர்வே எண்ணையும் பார்த்து, "இது நம்ம வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற ஏரி"ன்னு எத்தனை பேரால் கண்டுபிடிக்க முடியும்? புரியாத படத்தை நீட்டிவிட்டு, ஆட்சேபனை வரவில்லை என்று எழுதிக்கொள்வது கருத்துக்கேட்பு அல்ல, கண்துடைப்பு!

வழி இருக்கு. விஆர் கண்ணாடியை மாட்டினால், இன்னும் கட்டாத மேம்பாலத்துக்குக் கீழே நின்று பார்க்கலாம். மரம் உள்ள சாலை, மரம் வெட்டிய சாலை இரண்டிலும் நடந்து பார்த்து, எது வேணும்னு சொல்லலாம். நைரோபியின் கிபேரா குடிசைப்பகுதியில், 'மைன்கிராஃப்ட்' கணினி விளையாட்டை வைத்து மக்களையே திடலை வடிவமைக்க வைத்தது ஐ.நா. வாழ்விட அமைப்பு. அங்கே முடிந்தது அம்பத்தூரில் முடியாதா? ஃபிளாட் விற்கிற பில்டரே கண்ணாடி மாட்டிக் காட்டுறார். விற்கிறவருக்கு இருக்கிற அக்கறை ஆள்கிறவர்களுக்கு வேண்டாமா?

ஆனால் ஏமாறவும் கூடாது. கண்ணாடியில் நாற்றம் அடிக்காது! கொரட்டூர் ஏரியில் கலக்கும் கழிவுநீருக்காக மக்கள் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனாங்க. அம்பத்தூர் ஏரி நிறைந்தால் கொரட்டூருக்கு, அங்கிருந்து ரெட்டேரிக்கு. அந்தச் சங்கிலியை அறுத்துவிட்டு, கரையில் நடைபாதையை மட்டும் அழகாகக் காட்டினால் அது வளர்ச்சி அல்ல, வேஷம்.

நம் கோரிக்கைகள்:

1. டெண்டருக்கு முன், வார்டுதோறும் பள்ளியிலும் நூலகத்திலும் வைத்துக் காட்டுங்கள். வீட்டு வேலை செய்யும் அக்காவும் பார்க்கணும், எஸ்டேட் ஷிப்டு முடிந்து வரும் அண்ணனும் பார்க்கணும்.
2. 2015 டிசம்பர் போல மழை பெய்தால் தண்ணீர் எங்கே நிற்கும்? அதையும் அதே கண்ணாடியில் காட்டுங்கள்.
3. மக்கள் சொன்னதை வார்டு வாரியாக வெளியிடுங்கள். ஏற்கவில்லை என்றால் காரணத்தை எழுத்தில் சொல்லுங்கள்.

அடுத்த பகுதி சபைக் கூட்டத்துக்குப் போங்க. இந்த மூன்றையும் மனுவாகக் கொடுங்க. ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீங்க!

#எங்கள்_ஏரி_எங்கள்_முடிவு