செக்கப்புக்குப் போகும்போது இதையும் சொல்லுங்கள்



“ஹார்ட் பம்பிங் கம்மி” என்று டாக்டர் சொல்லிவிட்ட பெரியவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் மகன்கள், மகள்கள், மருமகள்கள் சிலர் சேர்ந்து எழுதுகிறோம். மாதாமாதம் ஓ.பி. வரிசையில் உட்கார்ந்து பழக்கமானவர்கள். வேறு தகுதி எங்களுக்கு இல்லை.

எங்களில் ஒருவரின் அப்பாவுக்கு 74 வயது. தினமும் காலையில் எடை பார்த்து நோட்டில் குறிப்பார். மூன்று நாளில் 2 கிலோ கூடினால் உடம்பில் நீர் கோக்கிறது, உடனே வாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒருநாள் பார்த்தால் நோட்டில் 11 நாளாக எழுத்தே இல்லை. “எழுதி என்ன ஆகப்போகுது?” என்றார். நீர் பிரியும் மாத்திரை அட்டை தலையணைக்கடியில் பிரிக்காமல் கிடந்தது. அதற்குள் கால் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. பிடிவாதம் என்று நாங்கள் திட்டிக்கொண்டிருந்தது மனச்சோர்வு நோய் என்பது, அவர் வார்டில் படுத்த பிறகுதான் தெரிந்தது.

இப்படி இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வும் இருக்கிறது. அசதி, தூக்கமின்மை, பசியின்மை எல்லாம் இரண்டு நோய்க்கும் பொது. அதனால் பாதியை இதயத்தின் கணக்கிலும் மீதியை வயதின் கணக்கிலும் எழுதிவிடுகிறோம். மனசு சோர்ந்தவர் மாத்திரையை விடுகிறார். ஊறுகாய், கருவாடு என்று உப்பையும் பார்ப்பதில்லை. திரும்பத் திரும்ப அட்மிஷன் ஆவதும், ஏன், சாவதும் இவர்களிடம் அதிகம்.

மனச்சோர்வுக்கு மாத்திரை போட்டால் தீரும் என்றும் சொல்ல மாட்டோம். செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மருந்தை 2010இலும் எஸ்சிட்டலோபிராம் என்ற இன்னொன்றை 2016இலும் வெளியான ஆய்வுகளில் இந்த நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்த்தார்கள். மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிட மனச்சோர்வு கூடுதலாகக் குறையவில்லை. பேச்சுவழிச் சிகிச்சையும், டாக்டர் சொன்ன அளவு நடையும் பலன் தந்திருக்கின்றன. கடையில் கேட்டுத் தூக்க மாத்திரை வாங்கித் தராதீர்கள். டாக்டர் எழுதியதை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

வீட்டுப் பெரியவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். “ரெண்டு வாரமா மனசு பாரமா இருக்கா? வழக்கமாப் பிடிக்கிறதுல நாட்டம் கொறஞ்சிருச்சா?” பேரன் பேத்தி முன்னால் கேட்டால் “எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்” என்றுதான் வரும், தனியாக, அவசரமில்லாத நேரத்தில் கேளுங்கள். “போய்ச் சேர்ந்துட்டா தேவலை” என்பதை வயதானவர் பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள்; 14416 என்ற தொலைபேசி எண்ணில் எந்த நேரமும் இலவசமாக மனநல ஆலோசனை கிடைக்கிறது.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் சகோதரிகளே, பிரஷர் பார்க்கும்போது இந்த இரண்டு கேள்வியையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

டாக்டர் அறையில் கிடைப்பது இரண்டு நிமிடம். அதனால் உட்கார்ந்ததும் முதலில் இதைச் சொல்லுங்கள்: “அப்பா பத்து நாளா எடை எழுதலை சார், பேச்சும் கொறஞ்சிருச்சு.”