“ரிப்போர்ட் வந்ததும் வாங்க” என்று இனி நாம சொல்லக் கூடாது

1/ கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க. மார்பகப் புற்றுநோய்னு உறுதியான நாளுக்கும் சிகிச்சை ஆரம்பிக்கிற நாளுக்கும் நடுவுல இருக்கிற அந்தக் காத்திருப்பைப் பத்திதான் சொல்லப் போறேன். நான் கேன்சர் ஸ்பெஷலிஸ்ட் இல்லை. எம்.பி.பி.எஸ். முடிச்ச அரசு டாக்டர். ஆனா அந்த “ரிப்போர்ட் வந்ததும் வாங்க”வைச் சொல்ற இடத்துல உட்கார்ந்திருக்கிறது என்னை மாதிரி ஆட்கள்தான்.

2/ சில வருஷம் முன்னாடி, நான் அப்போ வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு ஒரு அக்கா வந்தாங்க. கருவாடு காயப்போடுற வேலை. வீட்டுக்காரர் விசைப்படகுல போறவர். பயாப்ஸியில கேன்சர்னு வந்துடுச்சு. அடுத்த டெஸ்டுக்காக அதே சதைத்துண்டு வெளியூர் லேபுக்குப் போச்சு. “ரிப்போர்ட் வந்ததும் வாங்கக்கா”ன்னு சொன்னது நான்தான்.

3/ அது ஏப்ரல் மாசம். மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பிச்ச நேரம். வீட்டுல வருமானம் இல்லை. அந்த அக்கா ரெண்டு தடவை பஸ் ஏறி வந்து திரும்பிப் போயிருக்காங்க. மூணாவது தடவை வரல. பனிமய மாதா திருவிழாவெல்லாம் முடிஞ்சு ஆகஸ்ட்ல வந்தப்போ கட்டி தோலை உடைச்சிருந்தது. நடுவுல யாரோ சொல்லி பச்சிலைக் கட்டு போட்டிருந்தாங்க.

4/ “ரெண்டு தடவ வந்தேன் டாக்டரம்மா, இன்னும் வரலன்னு சொல்லிட்டாவ. வந்தா ஃபோன் போடுவியன்னு நெனச்சேன்.” ரிப்போர்ட் மே மாசமே வந்து எங்க அலமாரியில கிடந்தது. கேஸ் ஷீட்ல நாங்க எழுதினது: “நோயாளி தாமதமாக வந்தார்.” நிஜத்துல தாமதம் பண்ணினது யாரு?

5/ முதல்ல, அந்த டெஸ்ட் ஏன் இவ்வளவு நாள் எடுக்குது? எடுத்த சதையை ஃபார்மலின்ல குறைஞ்சது 6 மணி நேரம் ஊறவைக்கணும். அவசரப்பட்டா முடிவு தப்பாகலாம். அப்புறம் மெழுகுல பதிச்சு, மெல்லிசா சீவி, சாயம் ஏத்திப் பார்க்கணும். ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்2ன்னு மூணு விஷயம் பார்ப்பாங்க.

6/ ஈ.ஆர். அல்லது பி.ஆர். பாசிட்டிவ்னா ஹார்மோனைத் தடுக்கிற மாத்திரை வேலை செய்யும். வழக்கமா 5 வருஷமோ அதுக்கு மேலயோ சாப்பிடணும். ஹெர்2 பாசிட்டிவ்னா அதுக்குன்னே டிராஸ்டுஸுமாப்னு மருந்து இருக்கு. மூணுமே நெகட்டிவ்னா கீமோதெரபிதான் முக்கியமான ஆயுதம். ஹெர்2 “2+”ன்னு நடுவாந்தரமா வந்தா ஃபிஷ்னு இன்னொரு டெஸ்ட். பேருதான் அப்படி, மீனுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை!

7/ அதனால “உடனே அறுத்து எடுத்துடுங்க”ன்னு சண்டை போடாதீங்க. சிலருக்குக் கீமோ முதல்ல, ஆபரேஷன் பிறகு. அதை முடிவு பண்ணத்தான் இந்த ரிப்போர்ட். இந்தக் காத்திருப்பு வீண் இல்லை. ஆனா எத்தனை நாள்னு தெரியாத காத்திருப்பு ஆபத்து.

8/ நம்ம ஊர்லயே உதாரணம் இருக்கு. முத்துக்குளிப்பு நடந்த காலத்துல (கடைசியா 1961), முதல்ல பாருல இருந்து கொஞ்சம் சிப்பி எடுத்து முத்து எவ்வளவு தேறும்னு மதிப்பிடுவாங்க. அப்புறம் குளிப்புக்கு நாள் குறிச்சு அறிவிப்பாங்க. சாம்பிள் எடுத்தா அடுத்து ஒரு தேதி இருந்தது. நாம சாம்பிள் எடுக்கிறோம், தேதி சொல்றதில்லை.

9/ உலக சுகாதார நிறுவனம் 2023-ல சொன்ன கணக்கு இது: அறிகுறியோட முதல்ல வந்த நாள்ல இருந்து 60 நாளுக்குள்ள நோயை உறுதி பண்ணணும், 3 மாசத்துக்குள்ள சிகிச்சை ஆரம்பிக்கணும். 60 நாள்னா எவ்வளவுன்னு நம்ம கடற்கரைக்குச் சொல்லித்தர வேண்டாம். ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரை, தடைக்காலமே 61 நாள்.

10/ 2020-ல பிஎம்ஜே இதழ்ல வந்த ஆய்வு 7 வகைப் புற்றுநோய்களைப் பார்த்தது. ஆபரேஷன் 4 வாரம் தள்ளிப் போனா இறப்பு ஆபத்து ஒப்பீட்டளவுல 6 முதல் 8 சதவீதம் கூடுது. 2022-ல மட்டும் இந்தியாவுல சுமார் 1.92 லட்சம் பெண்களுக்குப் புதுசா மார்பகப் புற்றுநோய்னு மதிப்பீடு. ஒவ்வொருத்தரும் ஏதோ ஒரு ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்தவங்கதான்.

11/ சக டாக்டர்களுக்கு: ஓ.பி.யில கூட்டம் எவ்வளவுன்னு எனக்குத் தெரியும், நானும் அங்கதான் இருக்கேன். ஆனா ஓ.பி. சீட்டுல ஒரு தேதி, ஒரு பேர், ஒரு ஃபோன் நம்பர் எழுத அரை நிமிஷம் போதும். அந்தத் தேதிக்கு அவங்க வரலைன்னா கூப்பிட ஒரு நோட்டும் ஒரு பொறுப்பான ஆளும் வேணும். ரெண்டு ஃபோன் நம்பர் வாங்குங்க. ஒண்ணு கடல்ல இருக்கிறவரோடதா இருக்கலாம். ரிப்போர்ட்டைத் தேடுறது நோயாளி வேலை இல்லை, நம்ம வேலை.

12/ உங்களுக்கு: டெஸ்ட் அனுப்பினதும் நாலு கேள்வி கேளுங்க. என்னென்ன டெஸ்ட் போயிருக்கு? எந்தத் தேதிக்குள்ள வரும்? வரலைன்னா யாரைக் கேட்கணும்? அதுவரைக்கும் வேற என்ன முடிச்சு வைக்கலாம்? கூச்சப்படாதீங்க. டாக்டர் முகம் சுளிச்சாலும் கேளுங்க.

13/ நாலாவது கேள்வி முக்கியம். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, இதய எக்கோ எல்லாம் இந்த நாட்கள்லயே முடிக்கலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லைன்னா வருமானச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆதாரோட கலெக்டர் ஆபீஸ் போயிடுங்க. சிகிச்சை தொடங்குற அன்னிக்கு அலைய வேண்டாம்.

14/ வீட்டு ஆட்களுக்கு: அவங்ககிட்ட மறைக்காதீங்க. அந்த நாட்கள்ல தூக்கம் வராது, சோறு இறங்காது. “ஒண்ணும் ஆகாது”ங்கிறதை விட “செவ்வாய்க்கிழமை நானும் கூட வாரேன்”ங்கிறது அதிகம் உதவும். பச்சிலைக் கட்டு மட்டும் வேண்டாம்.

15/ அந்த அக்காவுக்கு அப்புறம் நான் சீட்டுல தேதி எழுதாம யாரையும் அனுப்புறதில்லை. அவங்களுக்கு அது உதவல, அந்தக் குற்ற உணர்ச்சி போகாது. உங்க வீட்டுலயோ தெருவுலயோ யாராவது ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்தா, நாளைக்குக் காலையில அவங்களைக் கூட்டிட்டுப் போய் “எந்தத் தேதி?”ன்னு கேளுங்க. தேவைப்படுறவங்களுக்கு இதை அனுப்புங்க.