ஆட்டுக் கொட்டகைக்கு வந்தது யார்?



பிள்ளைகளுக்கு வீட்டில் பாடம் சொல்லிக் கொடுப்பது எப்படி என்று இந்த முறை எழுதுவதாக இருந்தேன். அதைத் தள்ளி வைத்துவிட்டுப் புலியைப் பற்றி எழுதுகிறேன். ஏன் என்று கேளுங்கள்.

கோலா கெத்தில் பக்கத்தில் இருக்கிறது எங்கள் தோட்டம். சில மாதங்களுக்கு முன் ஒரு விடியற்காலையில், அங்கே ஒரு பெரியவரின் கொட்டகையில் மூன்று ஆடுகள் செத்துக் கிடந்தன. நான்காவது ஆட்டைக் காணோம். தீபாவளிக்கு விற்று, பேத்தியின் காலேஜ் செலவுக்குக் கொடுக்க வைத்திருந்த ஆடுகள். பெரியவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

பொழுது விடிவதற்குள் "புலி வந்துடுச்சு" என்ற பேச்சு லயம் முழுவதும் பரவிவிட்டது. என் கைப்பேசிக்கு ஒரு படமும் வந்தது. ரோட்டோரம் ஒரு புலி நிற்கிறது. கீழே "கோலா கெத்தில், நேற்றிரவு" என்று எழுதியிருந்தது. நான் பயிற்சி பெற்ற ஆசிரியை. ஆனாலும் ஒரு நிமிடம் கூட யோசிக்காமல் அதை மூன்று வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பிவிட்டேன். வகுப்பில் ஆறாம் ஆண்டுப் பையன் ஒருவன் எழுந்து, "டீச்சர், இந்தப் படத்தை எங்க மாமா போன வருசமே அனுப்பிச்சாரு. அப்ப வேற ஊரு பேரு போட்டிருந்துச்சு" என்றான். எனக்கு முகத்தை எங்கே வைத்துக் கொள்வது என்று தெரியவில்லை.

அதற்குள் நடக்க வேண்டியது நடந்துவிட்டது. தோட்டத்துக் கடைசியில், புதர்க்காட்டை ஒட்டிய நிரையில் மரம் சீவும் ஒரு அக்கா, "நான் தனியா போகமாட்டேன் ஐயா, துணைக்கு ஒரு ஆள் குடுங்க" என்று மண்டோரிடம் கேட்டிருக்கிறார். "புலியாவது கிலியாவது, வேலைய பாரும்மா" என்பது பதில். அவர் இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. இரண்டு நாள் சம்பளமும் போயிற்று. புலிக்குப் பயந்தவனெல்லாம் என் மேல் வந்து படுத்துக்கொள் என்ற கதைதான். யாருக்குப் பயமில்லையோ அவர் ஆபீசில் இருக்கிறார். பயப்படுகிறவர்தான் இருட்டில் நெற்றி விளக்கோடு நிற்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு வேலையும் நடந்தது. யாரோ புலிக்கென்று கம்பிக் கண்ணி வைத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் அதில் சிக்கியது ஒரு குடும்பத்துப் பால் மாடு. கம்பி எலும்பு வரை அறுத்துவிட்டது. நாலு பிள்ளைகள் குடிக்கும் பால் அந்த மாட்டின் பால்தான்.

நான்காம் நாள் வனவிலங்கு இலாகாவிலிருந்து, அதாவது பெர்ஹிலித்தானிலிருந்து ஆள் வந்தார். கடிபட்ட இடங்களைப் பார்த்தார். சேற்றில் இருந்த தடங்களைப் பார்த்தார். "நாய்கள்" என்று சொல்லிவிட்டார். டவுன்காரர்கள் கொண்டு வந்து விட்டுப் போன நாய்கள் நம் குப்பை மேட்டில் தின்று, பெருகி, கூட்டமாகத் திரிகின்றன. காணாமல் போன நான்காவது ஆட்டுக்கு மட்டும் இன்று வரை கணக்கு இல்லை. இரண்டு கால் புலியும் நம் பக்கம் உண்டல்லவா!

"சரிதான் டீச்சர், அப்படியென்றால் புலி என்பதே வெறும் கதையா?" என்று நீங்கள் கேட்கலாம். அப்படியும் சொல்லிவிட முடியாது.

நம் கெத்தில் ஆறு மூடா ஆற்றில் போய்ச் சேர்கிறது. மூடா ஆறு உலு மூடா காட்டிலிருந்து வருகிறது. கெடா, பினாங்கு, பெர்லிஸ் மூன்று மாநிலங்களுக்கும் தண்ணீர் கொடுக்கும் காடு அது. பாலிங்கைத் தாண்டி, பேராவின் கிரிக் பக்கம் போனால் தெமெங்கோர், பேலும் காடுகள் இருக்கின்றன. அவை புலி வாழும் காடுகள். 1954ஆம் ஆண்டில் திரங்கானுப் புலிகளைப் பற்றிப் புத்தகம் எழுதிய லாக் என்ற ஆங்கிலேய அதிகாரி, அன்றைய மலாயாவில் ஏறக்குறைய 3,000 புலிகள் இருக்கலாம் என்று கணக்குச் சொன்னார். 2016 முதல் 2020 வரை நாடு முழுவதும் எடுத்த முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பில் 150க்கும் குறைவு என்று தெரிந்தது. நம் தாத்தா பாட்டி காலத்தில் "புலி" என்று கத்தினால் அது புலியாகவே இருக்க நியாயம் இருந்தது. இன்று பெரும்பாலும் வேறு எதுவோதான்.

ஆனால் "பெரும்பாலும்" என்றால் "எப்போதும்" என்று பொருளல்ல. 2023ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் கிளந்தான் குவா மூசாங் வட்டாரத்தில் புலி தாக்கி மனிதர்கள் மாண்டார்கள். தோட்ட வேலைக்கென்று கடல் கடந்து வந்த தொழிலாளரும் அவர்களில் உண்டு. நம் பாட்டன்மார் வந்தது போல வந்தவர்கள்.

புலி ஏன் வெளியே வருகிறது? காடு துண்டு துண்டாகிவிட்டது. மானைக் கண்ணி வைத்துப் பிடித்துவிடுகிறார்கள். 2021 முதல் தீபகற்பத்தில் பரவிய ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் காட்டுப் பன்றிகளையும் கொன்றது. இரை இல்லாத புலி எங்கே போகும்? நோயாலும் வரும். 2019 ஜூலையில் திரங்கானு டுங்குன் பக்கம் ஊருக்குள் திரிந்த புலி ஒன்றைப் பிடித்தார்கள். சில நாளில் அது செத்துப் போயிற்று. நாய்களுக்கு வருகிற டிஸ்டெம்பர் என்ற நோய் அதற்கு இருந்தது. பார்த்தீர்களா, நம் ஆட்டைக் கொல்லும் தெருநாய்க் கூட்டத்தால் காட்டுப் புலிக்கும் ஆபத்துதான்.

புலியை விட்டால் சிறுத்தை. நம் தீபகற்பத்துச் சிறுத்தைகள் ஏறக்குறைய எல்லாமே கறுப்பு. மலாய்க்காரர்கள் "ஹரிமாவ் கும்பாங்" என்பது அதைத்தான். இருட்டில் கறுப்பு நாயைப் பார்த்து அது என்று நினைப்பதும் உண்டு. அதைப் பார்த்து நாய் என்று நினைப்பதும் உண்டு. செம்பனைக் காட்டில் எலி பிடிக்க வரும் சிறுத்தைப்பூனை வீட்டுப் பூனை அளவுதான். அதனால் ஆட்டைத் தூக்க முடியாது. மலைப்பாம்பால் முடியும், ஒரு சொட்டு இரத்தம் சிந்தாமல் விழுங்கிவிடும்.

தமிழ்நாட்டில் வால்பாறை என்று ஒரு மலையூர், தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த இடம். 2025 ஜூன் மாதம் பச்சைமலை எஸ்டேட்டில், ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்த குடும்பத்தின் சிறு பெண் குழந்தையைச் சிறுத்தை தூக்கிப் போய்விட்டது. ஆகஸ்டில் இன்னொரு தோட்டத்தில், அஸ்ஸாம் குடும்பத்து எட்டு வயதுப் பையன் இறந்தான். அதுவும் சிறுத்தை என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். பிரேதப் பரிசோதனையில் கரடி என்று தெரிந்தது. பெற்றவளுக்கு எதுவானால் என்ன, பிள்ளை போய்விட்டான். ஆனால் மறுநாள் மற்றப் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறவனுக்கு அது தெரிய வேண்டும். சிறுத்தைக்குக் கூண்டு வைத்துவிட்டு எல்லாரும் நிம்மதியாக இருந்தால் கரடி வெளியேதானே திரியும்?

ஆகவே, தெரிந்து கொள்ள வேண்டியதைச் சொல்கிறேன். பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள்.

நாய்த் தடத்தில் நகம் பதிந்திருக்கும். பூனை இனம் நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக் கொள்ளும். ஆகவே நகம் பதியாது. தடம் உங்கள் உள்ளங்கையை நிறைத்தால் அலட்சியம் வேண்டாம். நாய்கள் பின்னங்காலையும் வயிற்றையும் கண்டபடி கடிக்கும், பல ஆடுகளைக் கொன்று அப்படியே போட்டுவிட்டுப் போகும். புலி பெரும்பாலும் கழுத்தைக் கவ்விக் கொன்று, மறைவுக்கு இழுத்துப் போய்த் தின்னும். தடத்தைக் கண்டால் பக்கத்தில் ஒரு இருபது காசை வைத்துப் படம் எடுங்கள். பிறகு மழையில் அழியாமல் ஒரு வாளியைக் கவிழ்த்து வையுங்கள். செத்த ஆட்டைத் தொட வேண்டாம். பாதி தின்றதைத் தேடி மறுபடியும் வரக்கூடும். உடனே பெர்ஹிலித்தானுக்கும் போலீசுக்கும் சொல்லுங்கள்.

நேரில் எதிர்ப்பட்டால் ஓடாதீர்கள், முதுகைக் காட்டாதீர்கள், குனியாதீர்கள். அதைப் பார்த்தபடியே மெல்லப் பின்னால் நகருங்கள். 1980களில் வங்காளத்துச் சுந்தரவனத்தில் காட்டு வேலைக்குப் போனவர்கள் பின்தலையில் மனித முகமூடி கட்டிக் கொண்டார்கள். பின்னாலிருந்து பாய்வதுதான் புலியின் வழக்கம் என்று அவர்களுக்குத் தெரியும். நம்மவர்கள் மரத்தடியில் குனிந்து சீவுகிறவர்கள். ஆகவே இருவராகப் போவதே பெரிய காவல்.

கண்ணி மட்டும் வைக்காதீர்கள். அது சட்டப்படி குற்றம். புலியைக் கொன்றால், 2022இல் திருத்திய வனவிலங்குச் சட்டப்படி பத்து லட்சம் வெள்ளி வரை அபராதமும் 15 ஆண்டு வரை சிறையும் கிடைக்கலாம். அதைவிட, கண்ணிக்கு புலி எது, நம் வீட்டு மாடு எது என்று தெரியாது. கொட்டகையைத் தரையிலிருந்து உயர்த்திக் கட்டி, இரவில் அடைத்து, ஒரு விளக்குப் போடுங்கள். குப்பை மேட்டை ஒழியுங்கள். நாய்க் கூட்டம் தானே குறையும்.

"புலி வருது, புலி வருது" என்று பொய் சொன்ன இடையன் கதையை நான் வருடா வருடம் வகுப்பில் சொல்கிறேன். இந்த வருடம் சொன்னபோது ஒரு சிறுமி கேட்டாள்: "டீச்சர், அந்தப் பையன் பொய் சொல்லாம, நெசமாவே புலின்னு நெனச்சுக் கத்தியிருந்தா?" எனக்கு உடனே பதில் வரவில்லை. அந்த அக்கா பொய் சொல்லவில்லையே! அவர் பார்த்தது செத்த ஆடுகளை. பயந்தது உண்மை. அவர் கேட்டது ஒரு துணை. புலி இல்லை என்று பிறகு தெரிந்ததால் அவர் கேட்டது தவறாகிவிடுமா? ஆட்டைக் கொன்ற நாய்க் கூட்டம் ஆளைக் கடிக்காதா?

இருபது வயதுப் பிள்ளைகள் சேர்ந்து நிர்வாகத்திடம் இதைத்தான் கேட்டார்கள். இப்போது ஓரத்து நிரைகளுக்கு இருவர் இருவராக அனுப்புகிறார்கள். போன இரண்டு நாள் சம்பளம் மட்டும் திரும்பி வரவில்லை. மாடு பிழைத்துக்கொண்டது, ஆனால் நொண்டிக் கொண்டுதான் நடக்கிறது. பள்ளிக்கூட வேலியோரம் அது மேயும்போதெல்லாம் நான் அனுப்பிய அந்தப் படம் எனக்கு ஞாபகம் வருகிறது. மூன்று குழுக்களிலும் "நான் அனுப்பியது தவறான படம், மன்னிக்கவும்" என்று எழுதினேன். படத்தைப் பார்த்தவர்களில் பாதிப்பேர் கூட அதைப் படித்திருக்கமாட்டார்கள்.

உங்கள் தோட்டத்தில் யாராவது "புலி" என்று கத்தினால் சிரிக்காதீர்கள். நாலு பேருக்குப் படத்தையும் அனுப்பாதீர்கள். துணைக்குப் போய் நின்று, தடத்தைப் பாருங்கள்.

பிள்ளைகள் பாடத்தைப் பற்றி அடுத்த முறை கட்டாயம் எழுதுகிறேன்.