செயற்கைக் கல் குற்றமன்று, மறைப்பதே குற்றம்

நூலின் தரத்தில் ஐயம் எழுந்தால் வீரபாண்டியில் எவரும் ஆய்வுக்கூடத்தைத் தேடி ஓடுவதில்லை. ஓரிழையைப் பிரித்துத் தீக்குச்சியைக் காட்டினால் போதும். பருத்தியானால் காகிதம் எரியும் வாடையுடன் சாம்பலாகும். பாலியஸ்டரானால் உருகிச் சுருண்டு கெட்டியான உருண்டையாக நிற்கும். துணியில் இத்தனை விழிப்புடன் இருக்கும் நாம், பனியன் கம்பெனியில் ஓராண்டு உழைத்துப் பெற்ற போனஸ் தொகையுடன் சென்று மகளின் நிக்காஹுக்குக் கல் பதித்த நகை வாங்கும்போது மட்டும், விற்பவரின் ஒரு சொல்லை நம்பித் திரும்பிவிடுகிறோம்.

கல் நமக்கு அயலான பொருளன்று. திருப்பூருக்கும் காங்கயத்துக்கும் இடையிலுள்ள படியூர், கடல்நீல நிறக் கற்களுக்குப் பெயர் பெற்ற ஊர். நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்மணிகள் அறுத்துத் துளையிடப்பட்டதை அகழாய்வுகள் காட்டியுள்ளன. காயல்பட்டினம், கீழக்கரை முஸ்லிம்கள் இலங்கை வரை சென்று இரத்தின வணிகம் செய்தார்கள். அவர்களுடைய முதலீடு தேர்ந்த கண்ணும் பிறழாத நாவும்தான்.

ஆனால் இன்று கண் மட்டும் போதாது. 1902ஆம் ஆண்டில் பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னாய், அலுமினாத் தூளைச் சுடரில் உருக்கி மாணிக்கத்தை உருவாக்கும் முறையை அறிவித்தார். நமக்கு அண்மையிலுள்ள மேட்டுப்பாளையத்திலும் செயற்கைக் கற்களை உற்பத்தி செய்த தொழிற்சாலை ஒன்று இயங்கியது. இங்கு ஒரு வேறுபாட்டை அறிய வேண்டும். கண்ணாடித் துண்டுக்குச் சிவப்பேற்றினால் அது போலி. செயற்கை மாணிக்கமோ வேதியியலில் மாணிக்கமேதான்; அதே கடினம், அதே எடை, அதே ஒளி. ஆகவே கீறிப் பார்ப்பதும் எடை பார்ப்பதும் இங்குப் பயன்படா. பத்து மடங்கு உருப்பெருக்கியில் பார்த்தால், சுடரில் உருக்கிய கல்லுக்குள் வளைந்த கோடுகளும் சிறு காற்றுக் குமிழிகளும் தென்படலாம். மண்ணில் விளைந்த கல்லில் வளர்ச்சிக் கோடுகள் நேராகவும் கோணமாகவும் இருக்கும். பட்டிழை போன்ற நுண்ணூசிகளும் காணப்படலாம். ஒரு குறையும் இல்லாத பெரிய மாணிக்கம் மலிவாகக் கிடைக்கிறதென்றால், அதுவே முதல் எச்சரிக்கை.

வைரத்தின் நிலை இன்னும் கடினம். ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட வைரமும் கரிமமே. வெப்பம் கடத்துவதை அளந்து வைரத்தை அறியும் கடைக் கருவி, இரண்டுக்கும் ஒரே விடையைத்தான் தரும். நிறமாலை ஆய்வே தீர்ப்புச் சொல்லும். இத்தகைய வைரங்களுக்கான ஆராய்ச்சிக்கென ஒன்றிய அரசு 2023இல் சென்னை ஐஐடிக்கு ஐந்தாண்டுகளுக்கு ஏறத்தாழ 243 கோடி ரூபாய் ஒதுக்கியது. எனவே இது ஒளித்து வைக்க வேண்டிய தொழிலன்று. விலை குறைந்த அழகை விரும்புவோர் அறிந்தே வாங்கலாம், அறிவித்தே விற்கலாம், அதில் ஹராம் ஏதுமில்லை.

குற்றம் மௌனத்தில் இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் ஈரம் இருப்பதைக் கண்டு, அதை மக்கள் பார்க்கும்படி ஏன் மேலே வைக்கவில்லை என்று கேட்டுக் கண்டித்த ஹதீஸை நாம் அறிவோம். அங்குத் தானியம் போலியன்று, மறைத்ததுதான் மோசடி. “வாங்கியவருக்கு மனநிறைவு, இதில் யாருக்கு நட்டம்?” என்று கேட்போர் உண்டு. மருத்துவச் செலவுக்காக ஒரு தாய் அந்த நகையை விற்கச் செல்லும் நாளில் அதற்கு விடை கிடைக்கும். இயற்கைக் கல்லின் விலை கொடுத்தவருக்குத் தங்கத்தின் மதிப்பு மட்டுமே மிஞ்சும்.

இன்னொரு வாசலும் ஏமாற்றுக்குத் திறந்திருக்கிறது. “இந்தக் கல் அணிந்தால் தொழில் பெருகும், இயற்கைக் கல்லானால்தான் பலன்” என்று சொல்லி விலையை உயர்த்துகிறார்கள். நபி (ஸல்) அவர்கள் அபிசீனியக் கல் பதித்த வெள்ளி மோதிரம் அணிந்ததாக ஹதீஸ் உண்டு. எனவே கல் அணிவது ஆகுமானதே. ஆனால் ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே. கல்லுக்கு அந்த ஆற்றல் உண்டென நம்புபவர் பணத்துடன் ஈமானையும் இழக்கும் இடத்தில் நிற்கிறார்.

ஆகவே வாங்குமுன் கேட்போம். இயற்கையா, செயற்கையா, சூடேற்றி நிறம் கூட்டியதா என்பதை பில்லில் எழுதித் தரச் சொல்வோம். ஹால்மார்க் முத்திரையும் ஆறு இலக்க எச்யூஐடி எண்ணும் தங்கத்தின் தூய்மைக்கே சான்று. கல்லுக்கன்று என்பதை நினைவில் கொள்வோம். கல்லின் எடையைத் தனியே குறிக்கச் சொல்வோம். பெருந்தொகை கொடுக்குமுன், கடையைச் சாராத இரத்தினப் பரிசோதனைக் கூடத்தின் அறிக்கையைக் கேட்போம். எழுதித் தரத் தயங்கும் கடையிலிருந்து எழுந்து வருவதில் வெட்கமில்லை.

விற்கும் இடத்தில் நம்மவர் இருந்தால், வாடிக்கையாளர் கேட்கும்வரை காத்திராமல் முதலில் சொல்லட்டும். அந்த ஒரு சொல்லால் சில நேரம் வியாபாரம் குறையலாம், பரக்கத் குறையாது. கொடுப்பதிலும் வாங்குவதிலும் உண்மையைப் பேணும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.