ஒரே ரெஸ்யூம், நூறு கம்பெனி

இறுதியாண்டு வந்துவிட்டால் ஹாஸ்டலில் ஒரு ஃபைல் பென் டிரைவில் அறை அறையாகச் சுற்ற ஆரம்பிக்கும். யாரோ ஒரு சீனியரின் ரெஸ்யூம். பெயர், மார்க், செல் நம்பர் மூன்றையும் மாற்றினால் வேலை முடிந்தது. 'சவாலான சூழலில் பணியாற்றி நிறுவனத்தோடு சேர்ந்து வளர' என்கிற குறிக்கோள் வாசகம் அப்படியே இருக்கும். அவசரத்தில் சீனியரின் அப்பா பெயரும் அப்படியே இருந்துவிடுவது உண்டு!

இதே ஃபைல்தான் சாஃப்ட்வேர் கம்பெனிக்கும் போகிறது, கார் தொழிற்சாலைக்கும் போகிறது, தனியார் வங்கிக்கும் போகிறது. பதில் வராவிட்டால் "சிபாரிசு இல்லாம ஒண்ணும் நடக்காதுடா" என்று ஒரு புலம்பல்.

ஆளுக்குத் தகுந்த மாதிரி விண்ணப்பம் எழுதுவது ஒன்றும் புதிய வித்தை இல்லை. 1482 வாக்கில், முப்பது வயது லியோனார்டோ டா வின்சி, மிலானை ஆண்டுகொண்டிருந்த லுடோவிகோ ஸ்ஃபோர்சாவிடம் வேலை கேட்டுத் தயாரித்த கடிதத்தின் வரைவு இன்றும் இருக்கிறது. தூக்கிக்கொண்டு போகக்கூடிய பாலம், பீரங்கி, மூடிய போர் வண்டி என்று வரிசையாகப் போர்ச் சமாச்சாரம்தான். கட்டடம் பத்தாவதாக வருகிறது. ஓவியம்? அதற்கும் பிறகு, போகிற போக்கில். லுடோவிகோவுக்கு அப்போது தேவைப்பட்டது எது என்று லியோனார்டோவுக்குத் தெரிந்திருக்கிறது. சந்தேகம் இருந்தால் உங்கள் தோட்டத்திலேயே செய்து காட்டத் தயார் என்றும் முடிவில் சொல்கிறார்.

அந்தக் கடைசி விஷயம் முக்கியம். விளம்பரத்தில் ஜாவா கேட்டிருக்கிறார்கள் என்பதற்காக ஜாவாவைச் சேர்த்துக்கொள்பவரால் 'செய்து காட்டத் தயார்' என்று சொல்ல முடியுமா? இரண்டாவது கேள்வியிலேயே குட்டு உடைந்துவிடும். கம்ப்யூட்டர் வடிகட்டுவதை ஏமாற்ற, வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தில் வார்த்தைகளை ஒளித்து வைக்கிற புத்திசாலிகளும் உண்டு. ரெஸ்யூமின் அடியில் 'மேற்கண்டவை அனைத்தும் உண்மை' என்று கையெழுத்து வேறு! வரிசையை மாற்றுவது வேறு, சரக்கையே மாற்றுவது வேறு. ஒரு ட்ரிபிள் ஈ மாணவர் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ப்ராஜெக்ட் செய்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாஃப்ட்வேர் வேலைக்கு அதில் எழுதிய சி ப்ரோகிராம் மேலே வரலாம், தொழிற்சாலை வேலைக்கு மோட்டார் மேலே வரலாம். இரண்டும் உண்மை.

கேம்பஸுக்கு வந்து மொத்தமாக ஆள் எடுக்கும் கம்பெனிகளிடம் இதெல்லாம் செல்லாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம் இருக்கிறதா என்று பார்ப்பவர்களுக்கு வார்த்தை அலங்காரம் எதற்கு? கேம்பஸில் கிடைக்காமல் வெளியே தேடுபவர்களுக்குத்தான் இது வாழ்வா சாவா பிரச்சினை.

அங்கேதான் அநியாயம் நடக்கிறது. வீட்டில் ஏற்கெனவே யாராவது கம்பெனி வேலையில் இருந்தால், எதை மேலே போடு, எதைத் தூக்கு என்று சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். வீட்டின் முதல் பட்டதாரிக்கு யார் சொல்வது? அவர் நான்கு வருடமாக மாலையில் அப்பாவின் மளிகைக் கடையில் கணக்குப் பார்த்திருப்பார், மொத்த வியாபாரியிடம் பேரம் பேசியிருப்பார், கடன் வசூல் பண்ணியிருப்பார். அதெல்லாம் ஒரு தகுதியா என்று வெட்கப்பட்டு விட்டுவிட்டு, பொழுதுபோக்கு என்ற இடத்தில் 'தபால்தலை சேகரிப்பு' என்று எழுதுகிறார். (ஒரு தபால்தலைகூட வீட்டில் இருக்காது.) வங்கியின் விற்பனைப் பிரிவுக்கு அந்த மளிகைக் கடை முதல் பக்கத்தில் முதல் வரியாக வந்திருக்க வேண்டியது.

நூறு இடத்துக்கு ஒரே ஃபைலை அனுப்பும் நேரத்தில் பத்து இடத்துக்குத்தான் இப்படி எழுதி அனுப்ப முடியும். பரவாயில்லை. ஆனால் எந்தக் கம்பெனிக்கு எதை அனுப்பினோம் என்று ஒரு பிரதியை எடுத்து வைப்பது நல்லது. மூன்று வாரம் கழித்து போன் வரும்போது எதிர்முனையில் இருப்பவர் கையில் அந்தத் தாள்தான் இருக்கும்.